முரகல் என்றால் முருகன் கல்தானே!

எனக்குக் கால் விரல்கள் எட்டு. அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறி, எட்டு விரல் மேசன் வீடு எது என்று கேட்டால் கொண்டக்டரே சரியான இடத்தில் இறக்கிவிடுவார். மிச்ச இரண்டு விரல்களும் எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக்கு உரமாகிப் பல வருடமாகிறது. தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எங்களிடம் மலை என்றுதான் பெயர். சாய்வில் நின்று வேலை செய்து பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

அப்போது நான் மேசன் இல்லை. கவ்வாத்து வெட்டுகிறவன். செடி கைக்கு எட்டாமல் வளர்ந்துவிட்டால் அதை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடிப்பதுதான் கவ்வாத்து. கத்தி கிளைமேல் விழ வேண்டும். கிளை தப்பிவிட்டால் எது கிடைக்கிறதோ அதன்மேல் விழும். எனக்குக் கல்யாணமான மறு வருடம், கவ்வாத்தின் முதல் நாள் காலையிலேயே, என் கால் கிடைத்தது.

அது ஏன் நடந்தது என்பதில் என் மனைவிக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஏழாம் நம்பர் மலையின் மூலையில், சவுக்கு மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. மூக்கு இல்லை, முழி இல்லை, குங்குமம் மட்டும் உண்டு. அதுதான் கவ்வாத்து சாமி. முதல் கத்தி விழுவதற்கு முன்னால் அதற்கு ஒரு சேவல் அறுத்து, இரத்தத்தைக் கத்திகளில் தொட்டு வைக்க வேண்டும். அந்த வருடம் சேவல் கிடைக்கவில்லை என்று கங்காணி ஒரு தேங்காயை உடைத்து விஷயத்தை முடித்துவிட்டார்.

"தேங்காயக் காட்டி சாமிய ஏமாத்துனா, சாமி விரல எடுக்காம என்னத்த எடுக்கும்?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது. வருடத்துக்கு நாலு முறையாவது சொல்வாள்.

"தேங்கா ஒடச்சது கங்காணி. வெரலு என்னோடது. சாமிக்கு ஆள் அடையாளங்கூடவா தெரியாது?" என்று நானும் நாலு முறை கேட்பேன். முறைப்பாள். ஆனால் ஒன்று. என்ன சண்டையானாலும் சரி, காலையில் நான் படியிறங்கும்போது இரண்டு ரொட்டியைச் சம்பலோடு சுற்றி என் கையில் திணித்துவிடுவாள். பேசமாட்டாள், முகத்தைப் பார்க்கமாட்டாள், ரொட்டி மட்டும் வரும். நான் இத்தனை வருடமும் அதை அவளுடைய அதிகாரம் என்றே நினைத்திருந்தேன்.

விரல் போன பிறகு சாய்வில் கால் நிற்கவில்லை. மேசன் வேலை பழகினேன். முதலில் தண்ணீர்த் தொட்டி, பிறகு கக்கூஸ், பிறகு கோயில் மதில், கடைசியில் மதில் மேலேயே ஏறி சிலை செய்ய ஆரம்பித்துவிட்டேன். லிந்துலைப் பக்கம் மூன்று மாரியம்மனுக்கு மூக்கு வைத்தது நான்தான். ஒரு பிள்ளையாருக்குத் தொந்தி கொஞ்சம் கூடிப்போனது. அதற்குப் பிள்ளையாரே கோபிக்கவில்லை, கோயில் தலைவர்தான் கோபித்தார்.

இந்தப் பெயரை நம்பித்தான் பன்சலைக்காரர்கள், அதாவது புத்த விகாரை கட்டுகிறவர்கள், என்னைத் தேடி வந்தார்கள். தோட்டத்துக்குக் கீழே ஒரு சிங்களக் கொலனி இருக்கிறது. அவர்களுக்கு விகாரைக்குப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். தோட்ட நிர்வாகம் ஏழாம் நம்பர் மலையின் மூலையில் இருபது பேர்ச் நிலம், ஒரு வீட்டு வளவு அளவுக்கு, ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. ஏழாம் நம்பர் என்று கேட்டதுமே என் காலில் இல்லாத விரல் இரண்டும் அரித்தன.

விகாரைச் சபைக்குத் தலைவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர். நாங்கள் எல்லாரும் அவரைத் தபால் மாத்தயா என்போம். தமிழ் நன்றாகப் பேசுவார், அதட்டிப் பேசுவார். போனை எடுத்து எனக்குப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். இந்தத் தாகபை, அதாவது தூபி, வேண்டும், இந்தச் சந்திரவட்டக் கல் வேண்டும், இந்த மகர தோரணம், இந்தப் போதி மரத்து மதில், இந்தச் சிலைமண்டபம். அத்தனையும் பெரிய பெரிய ராஜாக்கள் கட்டியது. அடேயப்பா, இருபது பேர்ச்சுக்குள் ஒரு முழு அனுராதபுரம்!

"மாத்தயா, இதெல்லாம் வச்சா ஹாமதுரு எங்க நிப்பாரு?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற ஹாமதுரு, அதாவது அந்த விகாரைக்கு வந்திருந்த பிக்கு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காவி உடைக்கு ஏற்ற நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டிருப்பார். தமிழ் படிக்கிறேன் என்று ஒரு கொப்பியை வேறு இடுக்கிக்கொண்டு திரிவார். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் சேர்ந்தால் முக்கால் மொழி தேறும். மீதிக் காலுக்குக் கையாலும் முகத்தாலும் பேசிக்கொள்வோம்.

பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் நான் படம் கீறினேன். மேலே சிலைமண்டபம், அதற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தாகபை, பாதையிலிருந்து நேராக மேலே ஏறும் படிகள், படிக்கு வலப்பக்கம் போதி மரமும் அதைச் சுற்றி மதிலும். தபால் மாத்தயா தலையாட்டினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மதில் வருகிற இடத்தில், நூல் பிடித்தாற்போல அதே இடத்தில், கவ்வாத்து சாமி நிற்கிறது.

"அந்தக் கல்லா? எடுத்து அத்திவாரத்துல போட்டுருங்க பாஸ். நல்ல கெட்டிக் கல்லு," என்றார் தபால் மாத்தயா. மேசனை அவர்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது கல். நான் பயந்தேன். சாமியை நினைத்து அல்ல. வீட்டில் இருப்பவளை நினைத்து.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் வீடுகளில், ஒரு செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கும்.

"இந்த வருசம் ஏழாம் நம்பர்ல கவ்வாத்து வருது, தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரியும்."

"என் தம்பிதான் கவ்வாத்துக்குப் பேரு குடுத்திருக்கான், தெரியுமா?"

"தெரியும்."

"சேவல் நேந்து வளக்குறேன், தெரியுமா?"

அதுவும் தெரியும். செம்பட்டைச் சேவல். நாலு மாதமாக எங்கள் வாசலில் ராஜா மாதிரி நடமாடிக்கொண்டு, என் சோற்றிலேயே பங்கு கேட்கிறது.

"கவ்வாத்து அன்னைக்கு அந்தக் கல்லு நின்ன எடத்துல நிக்கணும். அதுக்குப் படைக்கணும். அதுக்கப்பறந்தான் என் தம்பி கத்தியத் தொடுவான். இல்லன்னா நீங்க கட்டுற பன்சலையிலயே போயிக் குடியிருந்துக்கங்க. இன்னைக்கி மரத்தடியக் கேட்டாங்க, நாளைக்கி லயத்தக் கேப்பாங்க. கட்டிக் குடுக்க எம் புருசன் இருக்காரு!"

எனக்குக் கோபம் வந்தது. நானும் ஏதேதோ கத்தினேன். ஆனால் அவள் பயம் பொய்யில்லை. அந்தப் பையன் அவளுக்குத் தம்பி மட்டுமல்ல, தாய் இறந்த பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இப்போது மீசை வைத்த ஆம்பிளை, என்றாலும் கவ்வாத்துக் கத்தியை அவன் கையில் பார்த்தால் அவள் கண் உடனே என் காலுக்குத்தான் போகும். மறுநாள் காலையில் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொட்டியைத் திணித்தாள்.

இப்படி நான் இரண்டு பக்கமும் மாட்டி முழித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஹாமதுரு ஒரு நாள் என் படத்தைப் பார்த்து, படியின் அடியில் இரண்டு பக்கமும் விரலால் தொட்டு, "பாஸ் உன்னஹே, மெத்தன முரகல தெகக் ஓனே," என்றார். மெத்தன என்றால் இங்கே, தெகக் என்றால் இரண்டு, ஓனே என்றால் வேண்டும். அந்தளவுக்குச் சிங்களம் எனக்கு வரும்.

முரகல.

முருகக் கல்! எனக்குப் புல்லரித்துவிட்டது. கதிர்காமத்தானை அவர்களும்தான் கும்பிடுகிறார்கள். எத்தனையோ விகாரைகளில் அவருக்கு ஒரு அறை இருப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசலிலேயே இரண்டு முருகன் வேண்டும் என்று ஒரு பிக்கு வாய் திறந்து கேட்கிறார், என்ன மனசு! ஹாமதுருவிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அடுத்த நாள் ஹாமதுரு தன் ஊருக்குப் போனார். இரண்டு கிழமை கழித்துத்தான் வருவார். நான் லயத்துக்குப் பின்னால் தகரம் போட்டு மறைத்து வேலையை ஆரம்பித்தேன். கம்பி கட்டி, சீமெந்து அப்பி, கரண்டியால் இழைத்து. வலது பக்கத்துக்கு ஒரு முருகன், இடது பக்கத்துக்கு ஒரு முருகன். ஆளுக்கொரு வேல், ஆளுக்கொரு மயில். தபால் மாத்தயா நடுவில் இரண்டு முறை வந்து பார்க்கக் கேட்டார். கண் திறக்கும் வரைக்கும் யாரும் பார்க்கக்கூடாது என்று சாக்கை இழுத்து மூடிவிட்டேன். அது எங்கள் வழக்கம். அந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் என் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

ஹாமதுரு திரும்பி வந்த அன்று டிரக்டரில் ஏற்றிக்கொண்டு போய், படிக்கு நூல் கட்டியிருந்த இடத்தில் இரண்டையும் இறக்கி வைத்தேன். கொலனியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு எங்கள் பெண்கள் பாதையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் மீசையைத் தடவிவிட்டுச் சாக்கை உருவினேன்.

கொலனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாதையிலிருந்து ஒரு பெண் "அரோகரா!" என்றாள்.

"பாஸ்," என்றார் தபால் மாத்தயா, "இது என்னது?"

"நீங்க கேட்ட முரகல, மாத்தயா."

"இது முருகன்!"

"ஆமா. முருகன் கல்லு."

ஹாமதுரு முதலில் வாயைப் பொத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றி அதால் வாயைப் பொத்தினார். அப்புறம் எதாலும் பொத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சீமெந்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிக்குமார் இப்படிச் சிரிக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழ்க் கொப்பியைப் புரட்டி, சொல் கிடைக்காமல் கடைசியில் தோட்டத்துச் சொல்லையே பிடித்தார்.

"முர... டியூட்டி. முரகாரயா... வாச்சர்! வாச்சர் கல்லு, பாஸ் உன்னஹே! வாசல்ல நின்னு காவல் பாக்குற கல்லு!"

காவல் கல். போச்சுடா! இரண்டு கிழமை சோறு தண்ணி இல்லாமல் நான் செய்த முருகன்மார் இருவரும் என்னைப் பார்த்தே சிரிப்பது போலிருந்தது. மயில்கள் வேறு.

"இப்ப இத என்ன செய்ய? வாசல்ல முருகன் நின்னா, வர்ற ஆளுங்க அவரக் கும்பிட்டுட்டு அப்படியே திரும்பிப் போயிருவாங்க. புத்தர யாரு பாக்குறது?" என்று தபால் மாத்தயா குதித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் முருகன்மார் அவ்வளவு இலட்சணம்.

ஹாமதுருதான் தீர்த்து வைத்தார். ஒரு முருகன் உள்ளே, கதிர்காமத் தெய்வத்துக்கு ஒதுக்கியிருந்த அறைக்குப் போவார். இன்னொருவர் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு. எங்கள் கோயிலில் ஏற்கெனவே ஒரு முருகன் இருக்கிறார். பரவாயில்லை, பேச்சுத் துணைக்கு ஆள் ஆயிற்று. புத்தர் மட்டும் என் கைக்கு வராமல் கீழே இருந்து லொறியில் வந்தார். தபால் மாத்தயா அதில் ரிஸ்க் எடுக்கத் தயாராக இல்லை.

லயத்துச் சனம் ஒரு கிழமைக்கு என்னை வைத்துப் பொழுது போக்கியது. தண்ணீர்ப் பீலியில் யாராவது ஒருவர், "மேசன் வாராரு, எல்லாரும் டியூட்டியில நில்லுங்க," என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். ஆனால் அந்தச் சொல் மண்டைக்குள் நின்றுவிட்டது. வாச்சர் கல். வாசலில் நின்று காவல் பார்க்கிற கல்.

அட, நம்ம ஆள் வேறென்ன வேலை பார்க்கிறார்?

ஏழாம் நம்பர் மலையின் மூலையில், மழையிலும் வெயிலிலும், கத்தி தூக்குகிறவர்களுக்குக் காவலாக நிற்கிறார். நிற்கிற இடத்தை மட்டும் கொஞ்சம்... இல்லை, அவரை நகர்த்தக்கூடாது. படியை நகர்த்தலாமே! படி ஆறடி வலப்பக்கம் போனால், கவ்வாத்து சாமி சரியாகப் படியின் அடிக்கு வந்துவிடும். போதி மரம் இன்னும் நடவில்லை, அது இடப்பக்கம் போகட்டும். மரத்துக்கு எந்தப் பக்கமானால் என்ன?

எங்கள் ஊரில் மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கிவிடும். அப்படி ஒரு மத்தியானம், கொலனிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், நான் குந்திக்கொண்டு படிக்கு அடித்திருந்த முளைக் குச்சிகளைப் பிடுங்கி ஆறடி தள்ளி அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குச்சியில் சுத்தியலை ஓங்கும்போது பனிக்குள்ளிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாஸ் உன்னஹே," என்றது பனி. "கயிறு நடந்து போகுதா?"

சுத்தியல் அப்படியே நின்றது. "மழைத் தண்ணிங்க, ஹாமதுருவனே," என்றேன். "படி அந்தப் பக்கம் இருந்தா தண்ணியெல்லாம் படியிலதான் எறங்கும். இந்தப் பக்கம் வச்சா வடிகானுக்குப் போயிரும்."

ஹாமதுரு பனியிலிருந்து வெளியே வந்தார். புதிய குச்சிகளைப் பார்த்தார். குங்குமம் பூசிய கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"தண்ணி ரொம்ப கெட்டிக்காரன்," என்றார் கடைசியில். குனிந்து அளவு நாடாவின் அடுத்த நுனியைப் பிடித்துக்கொண்டார்.

படி எழும்பியது. இடது பக்கத்துக்கு ஒரு காவல் கல் செய்தேன், இந்த முறை ஹாமதுருவிடம் மூன்று தரம் கேட்டு. நிறைகுடம் ஒன்று, அதிலிருந்து பூவும் இலையும் கிளம்புகிற மாதிரி. எங்கள் கல்யாண வாசலில் வைக்கிற நிறைகுடம்தான், கை தானாக வந்தது. வலது பக்கத்தில் அவர் நின்றார், மூக்கும் முழியும் இல்லாமல், எப்போதும்போல.

"இந்தக் கல்லு இன்னும் போகலையா?" என்று தபால் மாத்தயா கேட்டபோது நான் கரண்டியைக் கழுவக் குனிந்துவிட்டேன். ஹாமதுருதான், "முரகல," என்றார்.

"ஒண்ணுமே செதுக்கலையே?"

பழைய காலத்து முரகல்களில் பல ஒன்றும் செதுக்காமல் மொட்டையாகத்தான் இருந்தன என்று ஹாமதுரு சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். உண்மையா என்று எனக்குத் தெரியாது. பிக்கு பொய் சொல்லக்கூடாது, ஆகவே உண்மையாகத்தான் இருக்கும். தபால் மாத்தயா போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். அங்கே சிக்னல் கிடைக்காது.

இதை வெற்றிக் கொடியாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மனைவி கேட்டுவிட்டு, அடுப்பை ஊதிக்கொண்டே, "அப்ப நம்ம சாமிய அவங்க வாசலுக்கு வாச்சராக்கிட்டீங்க," என்றாள்.

சுருக்கென்றது. "நின்ன எடத்துலயே நிக்குதுல்ல? அதத்தானே கேட்ட?"

"நாம எங்க போனாலும் வாசல்லதான் நிக்கிறோம். சாமியாவது தனியா நின்னுச்சு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, நிக்கட்டும். சேவல எங்க வச்சு அறுக்கறது? பன்சலைப் படியிலயா?"

ஐயையோ. நூல், குச்சி, தண்ணீர், கான் எல்லாவற்றையும் யோசித்த என் மண்டைக்கு அது மட்டும் தோன்றவே இல்லை. எறும்பை மிதித்தாலும் பாவம் என்கிற இடத்தின் வாசலில், இரத்தம் கேட்கிற சாமியைக் கொண்டுவந்து நானே படிபோட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

கவ்வாத்து நாள் வந்தது. விடிந்து பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் இருபது பேர் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு படியடிக்கு வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பானையும் கொண்டுவந்திருந்தார்கள், பூசை முடிந்ததும் கறி உண்டல்லவா. என் மச்சினன் புது பூட்ஸ் போட்டு விறைப்பாக நின்றான். மனைவி ஒரு கையில் மஞ்சள்தூள் தட்டு, மறு இடுக்கில் செம்பட்டைச் சேவல். மேல் படியில் தபால் மாத்தயா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"மெத்தன பே! இங்க முடியாது! உயிர் எடுக்கறதுன்னா நாலடி அங்கிட்டுப் போங்க!"

"சாமி இங்க நிக்கிது, நாங்க எங்கிட்டுப் போறது?" என்றாள் மனைவி. "சாமிக்குப் படைக்காம எந்தம்பி கத்தியத் தூக்க மாட்டான். யாரு வேணாலும் வந்து சொல்லுங்க."

வேலையைப் பார்க்க வந்த தோட்டத்து ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். ஆண்கள் முணுமுணுத்தார்கள். கொலனியிலிருந்து நாலைந்து பேர் ஏறி வந்தார்கள். ஒரு வார்த்தை பிசகினால் போதும், இது சேவலோடு நிற்காது என்று எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. படியை நகர்த்திய புத்திசாலி யார் என்று யாராவது கேட்டால் ஓட எனக்கு எட்டு விரல்தான் இருக்கிறது.

ஹாமதுரு இறங்கி வந்தார். மூக்கை உறிஞ்சினார். என் மனைவிக்கு முன்னால் நின்று, சேவலைக் காட்டி, மெதுவாக, கொப்பித் தமிழில் கேட்டார்.

"அம்மா, இது யாருக்கு?"

"சாமிக்குங்க."

"குடுத்தாச்சா?"

"குடுக்கத்தான் நிக்கிறேன்."

"குடுங்க. கீழ விடுங்க. சாமிக்குக் குடுத்தா சாமியோடது. சாமி சாப்பிடுதா, வளக்குதா, நம்ம ஏன் கேக்கணும்?"

என் மனைவி சேவலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், தம்பியின் பூட்ஸைப் பார்த்தாள். "கத்திக்குச் செவப்பு வேணுமே," என்றாள், பாதிக் குரலில். பிறகு அவளே சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "சுண்ணாம்பு இருக்கா?"

தாகபைக்கு அடிக்க நான் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு வாளி அங்கேயே இருந்தது. ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். மஞ்சள் தட்டில் தண்ணீர் விட்டு அதைக் கரைத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரத்தச் சிவப்பாக மாறியது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும் சுற்றுகிற ஆலம்தான். அதைக் கல்லில் தெளித்தாள். இருபது கத்தியிலும் தொட்டு வைத்தாள். தம்பியின் கத்தியில் இரண்டு தரம். கடைசியில் சேவலின் தலையைத் தடவிக் கீழே விட்டாள்.

அது இறகை உதறியது. பானைக்காரர்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஒவ்வொரு படியாக ஏறி, கை விரித்து நின்ற தபால் மாத்தயாவின் காலுக்கிடையில் நுழைந்து, சிலைமண்டபத்து வாசற்படியில் நின்று ஒரு கூவல் கூவியது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. தபால் மாத்தயாவே கடைசியில் சிரித்துவிட்டார். பானைக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

கத்திகள் மலைக்குப் போயின. மனைவி வேறு மலையில் கொழுந்தெடுத்தாள். அன்று அவள் கூடையில் இலை பாதி, குச்சி பாதி இருந்ததாகக் கங்காணி சொன்னார்.

சாயங்காலம் மச்சினன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காருவதற்குள் அவன் பூட்ஸை அவளே இழுத்துக் கழற்றினாள். தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்து. "அக்கா, கூசுது விடுக்கா," என்று அவன் நெளிந்தான். அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பும் வரைக்கும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? நாலு மாதமாக என்ன பாடு படுத்தினாள்! அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தேன்.

"சாமி சேவலும் திங்கல, ரத்தமுங் குடிக்கல. மஞ்சத் தண்ணிக்கே சும்மா இருந்துருச்சு. அப்பிடின்னா என் ரெண்டு வெரல மட்டும் எதுக்குடி எடுத்துச்சு? பதில் சொல்லு பாப்போம்."

முறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "சாமி எடுக்கல," என்றாள்.

"என்ன?"

"அன்னைக்கிக் காலையில ரொட்டி கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்க. எனக்கு ஆத்திரம் வந்து ரொட்டிய நாய்க்குப் போட்டுட்டேன். நீங்க வெறும் வயித்தோட போனீங்க. பசியிலதான் கை நடுங்கிருச்சு. எனக்குத் தெரியும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆஸ்பத்திரியில உங்க காலப் பாத்தேன். நாந்தான் காரணம்னு எப்பிடிச் சொல்லுவேன்? தேங்கா மேல போட்டேன். அப்பறம் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். நம்பலன்னா என்னால இருந்திருக்க முடியாது."

எனக்கு அந்தச் சண்டை சுத்தமாக மறந்து போயிருந்தது. ரொட்டியும் நினைவில்லை, நாயும் நினைவில்லை. இத்தனை வருடக் காலைகள்தான் நினைவுக்கு வந்தன. பேசாமல், முகம் பார்க்காமல், ஒரு நாள் தவறாமல் என் கையில் வந்து விழுந்த ரொட்டிகள். கேலி செய்ய வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒன்று திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் படியிறங்கும்போது ரொட்டியைத் திணித்தாள். அன்றைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில், பன்சலைப் பக்கமிருந்து, எங்கள் சேவல் கூவியது.

நான் ரொட்டியைக் கையில் வைத்து எடை பார்த்தேன். "இன்னைக்கும் கல்லு மாதிரிதான் இருக்கு," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் நெருப்பு. "எந்தக் கல்லு மாதிரி?"

"முரகல்லு மாதிரி."

அவள் உள்ளே போய் இன்னும் ஒரு ரொட்டியை எடுத்துவந்து என் பையில் வைத்தாள்.